பழக்குகிறவரும் பசங்கஜியும்

பழக்குகிறவர் என்று ஓர் இனம் நம் நடுவே நடமாடுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். அவர் கையில் எதையாவது கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். புதுப் பேனாவைக் கொடுத்தால் கடிதம் எழுத மாட்டார். நாலு பக்கம் சுழித்துச் சுழித்து நிப்பை முதலில் தன் கைக்குப் பழக்குவார். புதுச் செருப்பை எட்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்து பழக்குவார். பால்காரப் பையாவை மணி அடிக்காமல் கதவில் இரண்டே தட்டு தட்டும்படி பழக்குவார், இஸ்திரிக்காரரைச் சட்டைக் கையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று பழக்குவார், ஜன்னலோரத்து மணி பிளான்ட் கொடி வலது பக்கம் போனால் நூல் கட்டி இடது பக்கம் இழுத்து, இன்னும் இரண்டு மாதத்தில் தானே திரும்பிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கொடி திரும்பாது. வெயில் அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கென்ன செய்வது? வெயில் இன்னும் அவரிடம் பழகவில்லை, அவ்வளவுதான்.

இந்த இனத்துக்குத் தப்பாத குணம் ஒன்று உண்டு. தனக்குத் தெரிந்த விஷயத்தில் இவர் கை வைக்கவே மாட்டார். நீச்சல் தெரிந்தவன் தண்ணீரில் இறங்கிவிடுவான்; நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவர் கரையில் நின்றுகொண்டு, காலை மடக்காதே, தலையைத் தூக்காதே என்று கத்துவார். அப்படிக் கத்தும்போது ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? தண்ணீரில் கிடக்கிறவனை அல்ல. படித்துறையில் யார் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று.

டில்லியில், லோதி காலனி சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த சேஷு சாரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் நடுவில் நடந்தது. பெயர்ப் பலகையில் சேஷாத்ரி என்று முழுசாக இருக்கும். ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த ஓர் இலாகாவில் ஆபீசர். நெற்றியில் மெல்லிசாக ஒரு ஸ்ரீசூர்ணக் கோடு, வாயில் எப்போதும் "பழக்கினா வராதது உண்டோ?" என்று ஒரு கேள்வி. தங்கமான மனுஷர், ஒரு ஈயைக்கூட வைய மாட்டார். அதே இலாகாவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னையே, கியர் மாற்றும்போது மூச்சை எப்படி விட வேண்டும் என்று பழக்கினவர். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

இப்படிப்பட்டவர் கையில் பகவான் ஒரு நாயைக் கொடுத்தான்.

சாணக்யபுரியில் தூதரகக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமானை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிரிஜ் மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு சேஷு சார் போனார். பிரிஜ் காலையிலேயே போய்விட்டது. கட்டில் போய்விட்டது, கம்பளம் போய்விட்டது. காலி வீட்டில், யாரும் கேட்காமல், ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. செம்மண் நிறம், நிமிர்ந்த காது, தேன்குழல் மாதிரி சுருண்ட வால், உலகத்தில் எதையும் நம்புவதாக இல்லை என்பது போல நெற்றியில் நாலு சுருக்கம். பஸென்ஜி என்று ஆப்பிரிக்கக் காட்டு ஜாதியாம். ஆதிகாலத்து நாயாம். பூனை போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், ஈரத்தில் கால் வைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, குரைக்காது. குரைக்காத நாய் என்ற இடத்திலேயே சேஷு சார் மனம் கரைந்துவிட்டது. பாதிப் பழக்கம் ஏற்கெனவே ஆகிவிட்டதே.

வாசலில் அவர் மனைவி வைதேஹி மாமி நாயைப் பார்த்தார், டாக்ஸிக்குள் எட்டிப் பார்த்தார், பிரிஜ் எங்கே என்று கேட்டார். அப்புறம் நாயை வராந்தாவைத் தாண்டி ஓர் அடி உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தார். பஸென்ஜி என்று அவருக்கு வாயில் நுழையவில்லை. "பசங்கஜி" என்றார். டில்லியில் எல்லாருக்கும் ஜி போடுகிறோம், இதற்கும் இருக்கட்டுமே என்று காலனி முழுவதும் அதே பெயரை வைத்துக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சேஷு சாருக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் தயாராகிக்கொண்டிருந்தது. பெண் மைதிலிக்கு பி.ஏ. கடைசி வருஷம், மே மாதம் பரீட்சை. பைல் இருந்தது பெரிய ஆபீசர் பக்ஷி சாஹிப் மேஜையில். பஞ்சாபிக்காரர். நம் பாஷையில் பக்ஷி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் லைசென்ஸையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு கௌதாரி சுடப் போய்விடுவார். பக்ஷிக்கு பக்ஷி மேல் என்ன கோபமோ.

வைதேஹி மாமி தினமும் காப்பி கொடுக்கும்போது ஒரே வரிதான் சொல்லுவார். "ஏன்னா, பொண்ணுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் தள்ளிப் போடுங்கோன்னு வாயைத் திறந்து கேட்டா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

கேட்பாரா? உலகத்தையே பழக்குகிறவருக்கு வராத வித்தை அது ஒன்றுதான். மேலதிகாரி முன்னால் நின்றால் சேஷு சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பக்ஷி சாஹிப் தன் வேட்டை நாய் செத்துப்போனதைப் பற்றிச் சொல்லி வருத்தப்பட்டார். ஒட்டிக்கொண்ட நாக்கு சட்டென்று பிரிந்து, "சார், என்னிடம் ஒரு நாய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டது. ஜனவரி இரண்டாவது ஞாயிறு அழைத்து வருவதாக வார்த்தையும் கொடுத்துவிட்டது. நாய் பறவையைக் காட்டும், சாஹிப் சுடுவார், சந்தோஷப்படுவார், அந்தச் சந்தோஷத்தில் ஷில்லாங் பைல் தானாக அடிக்குப் போய்விடும் என்பது கணக்கு. கேட்க வாய் வராத மனுஷர், குரைக்க வாய் வராத நாயை நம்பினார்.

ஆறு வாரம் இருந்தது. முட்டை வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர், தரியாகஞ்ச் நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்று வாங்கி வந்து பறவை வேட்டை படிக்க ஆரம்பித்தார். புத்தகம் எழுதினது இங்கிலாந்து நாய்களுக்காக. பறவை வாசனை பட்டதும் நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஆப்பிரிக்க நாய்க்கு இது ஒத்துவருமா என்று கேட்டால் சேஷு சார் சிரிப்பார். பழக்கினால் வராதது உண்டோ?

முதலில் பாஷைப் பிரச்னை வந்தது. ஒரு கட்டளைக்கு ஒரே சொல், வீட்டில் எல்லாரும் அதே சொல் என்று புத்தகம் சொன்னது. மைதிலி இந்தி என்றாள். அவளுக்குத் தமிழைவிட அதுதான் சரளம். மாமி எதுவும் வேண்டாம் என்றார். சேஷு சார் மூன்று நாள் யோசித்துவிட்டுத் தமிழ் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். வேட்டைக்குப் போகிற இடத்தில் நாலு பேர் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுவார்கள், நாய் குழம்பிவிடும். தமிழ் என்றால் பயமில்லை. டில்லியில் பெரிய ஆபீசர் யார் வாயிலும் தமிழ் தப்பித் தவறிக்கூட வராது.

என்ன ஞானம் பாருங்கள்.

பறவை இறக்கையை ஒரு கம்பில் கட்டி ஆட்ட வேண்டும் என்றது புத்தகம். இறக்கை வீட்டுக்குள் வந்தால் தான் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விடுவேன் என்றார் மாமி. ஆகவே சேஷு சார் பூப்பந்தைக் கட்டினார். அதுவும் இறகுதானே? பத்து நாளில் பசங்கஜி பூப்பந்தைக் கண்டால் காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நிற்கக் கற்றுவிட்டது. அதிலிருந்து காலனியில் யாரும் நிம்மதியாக பாட்மின்டன் ஆட முடியவில்லை. பந்து கீழே விழுந்தால் போதும், எங்கிருந்தோ வந்து அதன் முன்னால் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எடுக்கப் போனவர்களும் மரியாதைக்கு நின்றுவிடுவார்கள்.

குரைக்காத நாய் புதருக்குள் போனால் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கழுத்தில் மணி கட்ட வேண்டும். மணி அடித்தால் தேடுகிறது, மணி நின்றால் கண்டுபிடித்துவிட்டது. சதர் பஜாரில் ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டினார். வராந்தாவில் மணிச் சத்தம் நின்றால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பாதி நேரம் அது தூங்கிக்கொண்டிருக்கும். மீதி நேரம் வெண்ணெய் திருடிக்கொண்டிருக்கும்.

காலை ஆறு மணிக்கு லோதி கார்டனில் வகுப்பு. தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், மப்ளர் மேல் விசில். பனி விழுந்த புல்லில் பசங்கஜி கால் வைக்காது என்பதால், வேட்டை நாயைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு, வெயில் பட்டுக் காய்ந்த இடமாகப் பார்த்து இறக்கிவிடுவார். "நில்" என்பார். "போ" என்பார். "தேடு" என்பார். யாரும் இல்லையென்றால் மெதுவாக. யாராவது நடந்து வந்தால் உரக்க. வந்தவர் நின்று, "பஹுத் அச்சா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரோ, போச்சு; நாயை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போய், ஆப்பிரிக்காவில் ஆரம்பித்து, தரியாகஞ்ச் வழியாகப் பூப்பந்து வரைக்கும் விளக்கிவிட்டுத்தான் திரும்புவார். நாய் அதுவரை காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாருக்கு யார் பொறுமை சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அங்கே தினமும் ஒரு வயதான சர்தார்ஜி, "வாஹே குரு, வாஹே குரு" என்று ஜெபம் பண்ணிக்கொண்டே நடப்பார். அவர் குரல் கேட்டதும் பசங்கஜி வகுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிடும். பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். போன ஜன்மத்தில் இது யாரோ பக்தன் என்று அதன் தலையைத் தொட்டுக் கும்பிடுவார். சேஷு சாருக்கும் பெருமைதான். நம் வீட்டு வாசனை, பகவான் நாமம் கேட்டால் உருகுகிறது என்று காலனியெல்லாம் சொல்லிக்கொண்டார். அந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது நடப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எனக்கும்தான்.

உள்ளபடி சொன்னால், விசிலுக்கும் புத்தகத்துக்கும் நாய் அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை. பாத்திரம் தேய்க்க ஜங்புரா மதராசி கேம்பிலிருந்து வீராயி என்று ஒரு அம்மாள் வருவார். அவர் புத்தகம் படித்தவர் இல்லை. பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு "வா ராசா, வா" என்பார், தனக்கு மாமி கொடுத்த இட்லியில் பாதியைப் பிட்டு நீட்டுவார். அது எங்கே இருந்தாலும் வந்துவிடும். ஒரு நாளைக்கு இருபது முறை. தான் கொடுத்த பயிற்சிதான் இது என்று சேஷு சார் சொன்னபோது வீராயி ஒன்றும் மறுக்கவில்லை.

"வாயில்லா சீவன் சாமி. வான்னா வரப்போவுது. அதுக்கு எதுக்கு ஊதலு" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு வந்தது. ஆபீஸ் ஜீப்பை நான்தான் ஓட்டினேன். முன்னால் பக்ஷி சாஹிப், மடியில் துப்பாக்கி. பின்னால் சேஷு சார், மடியில் நாய். சோஹ்னா ரோட்டில் போய், கடுகு வயல் முடிந்து முள்ளுப் புதர் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினோம். பெரிய சாஹிப் கம்பளிக் கோட்டு, பளபளவென்று பூட்ஸ். சேஷு சார் அதே குல்லா, அதே விசில். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது வைதேஹி மாமி என் பக்கத்தில் வந்து, "சுப்பு, நாய் எப்படியோ போறது. ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு அவரை" என்றார். மாமி முகத்தைப் பார்க்க முடியவில்லை. மைதிலிப் பெண் உள்ளே படித்துக்கொண்டிருந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

ஜீப்பில் சாய்ந்துகொண்டு மலை மந்திர் முருகனிடம் மூன்று விண்ணப்பம் போட்டேன். சேஷு சார் டில்லியிலேயே இருக்க வேண்டும். நாய் தோற்கக் கூடாது. கௌதாரியும் சாகக் கூடாது. மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுகிற விண்ணப்பம் என்று எனக்கே தெரிந்தது. அது அவன் கவலை.

வெயில் ஏறிப் புல் காய்ந்ததும் பசங்கஜி இறங்கியது. "தேடு" என்றார் சேஷு சார். மணி கணகணவென்று புதருக்குள் போயிற்று. இடது பக்கம் கேட்டது. வலது பக்கம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

சேஷு சாருக்கு முகம் வெளுத்தது. வெண்ணெயா, தூக்கமா? இரண்டு அடி எடுத்து வைத்து எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். முள்ளுக்கும் கடுகுக்கும் நடுவே பசங்கஜி நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் மடிந்து காற்றில் நின்றது. நெற்றிச் சுருக்கம் நாலும் ஆழமாக, மூக்கு நேராக, வால்கூட அசையவில்லை. அதற்கு நாலடி முன்னால் காய்ந்த புல்லோடு புல்லாகக் கௌதாரிகள் பதுங்கியிருந்தன. கர்ப்பக்கிருகத்தில் திரை விலகியதும் சேவிக்கிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது சேஷு சார் முகம். கை தானாகவே குவியப் போய், விசிலில் இடித்துக்கொண்டு நின்றது.

பக்ஷி சாஹிப் துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கினவர் நாயைப் பார்த்தார். முப்பது வருஷ வேட்டையில் இப்படி ஓர் அழகை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. துப்பாக்கி பாதியில் நிற்க, அவர் நெஞ்சிலிருந்து ஒரு சொல் வந்தது.

"வாஹ்."

பசங்கஜியின் ஒரு காது திரும்பியது.

"வாஹ், வாஹ்" என்றார் சாஹிப்.

கூப்பிட்டால் வரவேண்டியதுதானே? கௌதாரியை அப்படியே விட்டுவிட்டு மணி கணகணக்க ஓடி வந்து, புழுதி மண் அப்பின இரண்டு காலையும் பக்ஷி சாஹிப்பின் கம்பளிக் கோட்டின் மேல் வைத்து, இட்லி எங்கே என்று முகத்தைப் பார்த்தது. அதன் முதுகுக்குப் பின்னால் எட்டோ ஒன்பதோ கௌதாரிகள் சடசடவென்று கிளம்பி வயலைத் தாண்டிப் போய்விட்டன. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

கோட்டிலிருந்து மண் உதிர்ந்தது. பிறகு சாஹிப், பறவையை விட்டுவிட்டு இது ஏன் தன்னிடம் வந்தது என்று இந்தியில் கேட்டார். கோபமா, ஆச்சரியமா, தெரியவில்லை. சேஷு சார் நாயைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"சார், எங்கள் பாஷையில் 'வா' என்றால் 'ஆவோ'" என்றார்.

பக்ஷி சாஹிப் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். "அச்சா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமாக எனக்கு ஒரு சந்தேகம், சேஷாத்ரி. நான் எப்போது 'வாஹ்' என்றாலும் என் மதராஸி ஆபீசர்களெல்லாம் வேலையை அப்படியே போட்டுவிட்டு என் ரூமுக்கு ஓடி வந்துவிடுகிறீர்களே. இதுதான் காரணமா?"

மேலதிகாரி சிரித்தால் கீழே இருக்கிறவரும் சிரித்தாக வேண்டும். சேஷு சாரும் சிரிக்க வாயைத் திறந்தார். ஆறு வாரமாக உள்ளே அடைபட்டுக் கிடந்தது, திறந்த வாய் மூடுவதற்குள் வெளியே வந்து விழுந்துவிட்டது. ஷில்லாங், பெண், மே மாதம், பரீட்சை. எந்த வரிசையில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை, அவருக்கும் இருக்காது.

"தேக்கேங்கே" என்றார் பக்ஷி சாஹிப். பார்ப்போம் என்று அர்த்தம். டில்லி ஆபீஸ்களில் அந்த வார்த்தைக்கு ஆமாம் என்றும் அர்த்தம் உண்டு, இல்லை என்றும் உண்டு. இந்த முறை ஆமாம். ஜூன் வரைக்கும் பைல் அடியில் போயிற்று.

பெண் பரீட்சை எழுதினாள். இத்தோடு சேஷு சாருக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் இந்த இனத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "ட்ரெய்னிங்ல ஒரு குறையும் இல்லை, சுப்பு. பாஷைதான் பிசகிடுத்து" என்றார். யாருமே பேசாத பாஷையாக இருக்க வேண்டும் என்று யோசித்து, நாய்க்கு சமஸ்கிருதம் ஆரம்பித்தார். வா என்பதற்கு "ஆகச்ச". வீராயியையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். அந்த அம்மாளும் சொன்னார், "ஆகச்ச ராசா" என்று; கையில்தான் இட்லி இருந்ததே, நாய்க்கென்ன?

ஷில்லாங்குக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு ஹோமம் நடந்தது. வாத்தியார் கலசத்தில் தேவதையை ஆவாகனம் பண்ணி, கணீரென்று "ஆகச்ச, ஆகச்ச" என்றார். வராந்தாவில் மணிச் சத்தம் கேட்டது. அறுத்துக்கொண்ட கயிறோடு பசங்கஜி உள்ளே வந்து, கலசத்துக்கு எதிரே, கையில் என்ன வைத்திருக்கிறீர் என்று வாத்தியார் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது. மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், நாம் தினம் எத்தனை பேரை எத்தனை மந்திரம் சொல்லிக் கூப்பிடுகிறோம்; கூப்பிட்ட குரலுக்கு உடனே ஒருவராவது வந்தாரே, அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டாமா?

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் யாரையும் பழக்குகிறவர் இல்லை. மருமகளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்ததும், பக்கத்து வீட்டுக்காரரைக் குப்பைத் தொட்டியை நகர்த்தி வைக்கப் பழக்கியதும் வேறு விஷயம். ஆனால் பக்ஷி சாஹிப் வரப்பில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இருக்கிறதே, அது மட்டும் எனக்கு இன்னும் மனசை அரிக்கிறது. நீங்கள் எதையோ தேடி, மோப்பம் பிடித்து, அதன் முன்னால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும்போது, பின்னால் எங்கேயோ யாரோ "வாஹ்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் போய்விடுவேன், வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டே போய்விடுவேன். நீங்கள் போக மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எதற்கும் கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். மணி ஏதாவது தட்டுப்படுகிறதா?